சங்கத்தின் முதியோர் உதவித் திட்டம்: யுனைடெட் வே நிதியா, 211 பட்டியலா, எதை முதலில் பிடிப்பது?

வடகரை கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்ற பதிவு பெற்றது. விழா, தமிழ்ப் பள்ளி போக, முதியோருக்கு என்று சின்னதாக ஒரு திட்டம் ஓடுகிறது. மருத்துவரிடம் காரில் கூட்டிப்போய் வருவது, அங்கே கூட நின்று மொழிபெயர்ப்பது, மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. ஆண்டுச் செலவு 18,000 டாலர் அளவில். சந்தாவும் நன்கொடையும்தான் ஆதாரம்.

மூன்று கவுண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வட்டார யுனைடெட் வே (கம்பெனிகளில் வசூலித்துத் தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) அடுத்த நிதிச் சுற்றுக்கு விருப்பக் கடிதம் கேட்டிருக்கிறது. செயற்குழுவில் ஆளுக்கொரு பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

1. கம்பெனிகளில் சம்பளத்திலிருந்து பிடித்துத் திரட்டும் பணம் முழுக்க அவர்கள் விருப்பப்படி கொடுக்கக்கூடியதா? எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு எவ்வளவு மிஞ்சும்?

2. விண்ணப்பத்தில் எங்கே வழுக்கும்? சங்கத்துக்கு ஒரே வங்கிக் கணக்கு. பொங்கல் விழா டிக்கெட் பணமும் அதில்தான்.

3. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211 எண்ணை அழைத்தால் என்ன நடக்கிறது? ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு அது பயன்படுமா? எங்கள் சேவையை அதில் சேர்ப்பது எப்படி?

4. "விண்ணப்பமே வேண்டாம், நம் ஆட்கள் ஆபீஸ் வசூலில் சங்கத்தின் பெயரைக் குறிப்பிட்டாலே போதும்" என்கிறார் பொருளாளர். சரிதானா?

கணக்கப்பிள்ளை:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முழுப் பணமும் அவர்கள் கையில் இல்லை. பாதிகூடச் சில இடங்களில் இருக்காது.

1887-இல் டென்வரில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒவ்வொரு தொண்டு அமைப்பும் தனித்தனியாக உண்டியல் குலுக்காமல் ஒரே வசூல், பிறகு பங்கீடு. முதல் வசூலில் 22 அமைப்புகளுக்குப் பங்கு போனது. இன்றும் அடிப்படை அதுதான். ஆனால் வட்டார யுனைடெட் வே ஒவ்வொன்றும் தனி 501(சி)(3), தனி நிர்வாகக் குழு. மேலே உள்ள அமைப்புக்கு உறுப்புக் கட்டணம் கட்டிப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை உள்ளூர்க் குழுவே முடிவு செய்கிறது. பக்கத்து வட்டாரத்தில் ஒரு சங்கத்துக்குக் கிடைத்தது என்பதை முன்மாதிரியாகக் காட்டி வாதாட முடியாது.

வரவைப் பிரித்துப் பாருங்கள். ஊழியர்களின் சம்பளப் பிடித்தம், கம்பெனிகளின் நேரடி நன்கொடை, அறக்கட்டளை மானியம், அரசு ஒப்பந்தம், வைப்பு நிதியின் வருமானம். சம்பளப் பிடித்தத்துக்கான வசூல் இலையுதிர் காலத்தில் நடக்கும். பிடித்தம் பெரும்பாலும் அடுத்த ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை போகும். நடுவில் ஆள் வேலை மாறினால், கம்பெனி ஆட்குறைப்பு செய்தால், அந்த உறுதிமொழி வராக்கடன். அதனால் முன்கூட்டியே ஒரு பங்கைக் கழித்துத்தான் பட்ஜெட் போடுவார்கள்.

அடுத்தது, கொடுப்பவர் "இன்ன அமைப்புக்கு" என்று குறிப்பிட்ட பணம். அது யுனைடெட் வே வழியாகப் போகிறதே தவிர அவர்கள் பணமல்ல. கணக்கியல் விதிப்படி பொதுவாக அவர்களுடைய வருமானத்தில்கூட அது சேராது. அறக்கட்டளை தரும் பணத்துக்கு அந்த அறக்கட்டளையின் நிபந்தனை. ஃபீமா என்ற அமெரிக்கப் பேரிடர் முகமையின் அவசர உணவு, தங்குமிட நிதி 1983-இல் தொடங்கியது. அதற்கு தேசிய அளவில் யுனைடெட் வேதான் செயலகம், ஆனால் பங்கீடு செய்வது தனி உள்ளூர் வாரியம். அந்தப் பணத்தைக் கார் சவாரிக்குக் கேட்டால் கிடைக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்): உறுதிமொழி 10,00,000 டாலர். குறிப்பிட்டுக் கொடுத்தது 3,00,000. வராமல் போவது 50,000. வசூல், நிர்வாகச் செலவு 1,20,000. 211-உம் அவர்களே நடத்தும் திட்டங்களும் 1,80,000. மிச்சம் 3,50,000. அதிலும் மூன்றாண்டுச் சுற்றில் ஏற்கெனவே கையெழுத்தான மானியங்கள் போனால், புது ஆளுக்கு 40,000, 50,000 என்று நின்றால் பெரிது. சுற்றின் நடுவில் போய்க் கதவைத் தட்டினால் அதுவும் இல்லை. உங்கள் வட்டாரத்தில் இது சுற்றின் தொடக்க ஆண்டுதானா என்று முதலில் கேளுங்கள்.

யூகம் வேண்டாம், எடுத்தே பார்க்கலாம். அவர்கள் ஆண்டுதோறும் ஐஆர்எஸ் என்ற வரித்துறைக்குத் தரும் படிவம் 990-இல் ஷெட்யூல் ஐ என்று ஒரு இணைப்பு உண்டு. 5,000 டாலருக்கு மேல் பெற்ற உள்நாட்டு அமைப்பு ஒவ்வொன்றும் பெயர், தொகை, நோக்கத்தோடு அதில் இருக்கும். ஐஆர்எஸ் தளத்திலும் ப்ரோபப்ளிக்கா செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரரிலும் இலவசம். மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். மிகச் சிறிய மானியம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை புதுப் பெயர் வருகிறது, இந்த இரண்டு போதும். புதுப் பெயரே இல்லையென்றால் விருப்பக் கடிதம் எழுதும் நேரத்தை வேறெங்காவது செலவிடுங்கள்.

பனையோலை:

இரண்டாவது கேள்விக்கு. நிதிக்குழு உங்கள் திட்டத்தைப் படிப்பதற்கு முன்னாடியே அலுவலகத்தில் ஒருத்தர் காகிதங்களைச் சரிபார்ப்பார். சங்கங்கள் அதிகம் விழுவது அங்கேதான், திட்டம் நல்லா இல்லாததால இல்லை.

ஐஆர்எஸ் அங்கீகாரக் கடிதம், கடைசி 990, நிர்வாகக் குழு பட்டியல், நிதி அறிக்கை, பாகுபாடு காட்டாமைக் கொள்கை, மாநிலத்தில் நன்கொடை திரட்டப் பதிவு தேவைப்பட்டால் அந்தச் சான்று. இதில் 990-ஐப் பத்தி ஒரு வார்த்தை. ஆண்டு வரவு வழக்கமா 50,000 டாலருக்குள் இருந்தா 990-என் என்கிற சின்ன மின்படிவம் போதும். வரவு 2,00,000-க்குக் கீழும் சொத்து 5,00,000-க்குக் கீழும் இருந்தா 990-ஈசட். கணக்காண்டு முடிஞ்சு ஐந்தாவது மாதம் 15-ஆம் தேதி கெடு. டிசம்பரில் முடிக்கிறவங்களுக்கு மே 15. மூணு வருஷம் தொடர்ந்து போடாம விட்டா வரிவிலக்கு தானாகவே ரத்து, எச்சரிக்கைக் கடிதத்தை நம்பி உட்கார முடியாது. வருஷா வருஷம் பொருளாளர் மாறுகிற சங்கங்களில் "போன குழு போட்டிருக்கும்" என்றே மூணு வருஷம் ஓடிடும். ஐஆர்எஸ் தேடல் பக்கத்தில் உங்கள் ஈஐஎன் எண்ணை (சங்கத்தின் வரி அடையாள எண்) போட்டு இன்றைக்கே பாருங்க.

ஒரே வங்கிக் கணக்கு இருப்பது குற்றமில்லை. ஒரே பேரேடாக இருப்பதுதான் சிக்கல். குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் இந்தத் திட்டத்துக்கு ஒரு தனி கிளாஸ் திறந்து, வரவு செலவு ஒவ்வொன்றையும் அதில் குறியுங்க. நிபந்தனையோடு வந்த பணம் எவ்வளவு மீதி என்று எந்தத் தேதியில் கேட்டாலும் சொல்லத் தெரியணும். பொங்கல் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட "தற்காலிகமா" அதில் கை வைச்சா, அதுதான் அடுத்த வருஷம் மானியம் நிற்பதற்குக் காரணமாகும்.

யாருக்குச் சேவை என்கிற வரியையும் பார்த்து எழுதுங்க. "சங்க உறுப்பினர்களுக்கு" என்று இருந்தா அங்கேயே நிறுத்திடுவாங்க. "மூன்று கவுண்டிகளில் வசிக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், சேவை தமிழிலும் ஆங்கிலத்திலும்" என்று எழுதினா அதே வேலை, கதவு மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கு.

பட்ஜெட்டில் காரைப் பத்தி. தொண்டு வேலைக்கான மைலேஜ் மைலுக்கு 14 சென்ட். அது சட்டத்திலேயே எழுதின எண், வணிக மைலேஜ் மாதிரி ஆண்டுதோறும் ஏறாது. அதுக்கு மேல கொடுத்தா ஓட்டுகிற தொண்டருக்கு அது வருமானமா எண்ணப்படலாம். தொண்டர் சொந்தக் காரில் ஆளை ஏற்றினா சங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. வாடகைக் கார், பிறர் கார் இரண்டுக்குமான கூடுதல் பொறுப்புக் காப்பீடு இல்லாத விண்ணப்பத்தை அனுபவமுள்ள குழு ஏற்காது. தொண்டர்களின் ஓட்டுநர் பதிவேட்டுச் சோதனை, பின்னணிச் சோதனைக் கட்டணம் ரெண்டையும் பட்ஜெட்டில் காட்டுங்க. காட்டாம விட்டா சிக்கனம்னு யாரும் பாராட்ட மாட்டாங்க, விவரம் தெரியாதவங்கன்னுதான் நினைப்பாங்க.

இனி விளைவு. "இத்தனை பேர் வந்தாங்க" என்பது வேலையின் அளவு. அவங்க கேட்பது, வந்ததால என்ன மாறியது. முடியாததைச் சொல்லாதீங்க, "தனிமை பாதியாகும்" என்று எழுதினா அடுத்த வருஷம் அதைத்தான் நிரூபிக்கச் சொல்வாங்க. சவாரிக்கு எளிய அளவு இருக்கு: பதிவு செய்த மருத்துவ நேரங்களில் எத்தனை தவறாமல் நடந்தது. சனிக்கிழமைக் கூடலுக்கு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் மூன்று கேள்வித் தனிமை அளவுகோல் பொருந்தும்: பேச்சுத் துணை இல்லாத மாதிரி, ஒதுக்கப்பட்ட மாதிரி, தனித்து விடப்பட்ட மாதிரி எவ்வளவு அடிக்கடி தோணுது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3, மொத்தம் 3 முதல் 9. சேரும்போது ஒரு தடவை, ஆறு மாதம் கழிச்சு ஒரு தடவை.

கேட்கும் இடம்தான் முக்கியம். கூட்டிவந்த மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டா, எந்த அம்மாவும் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, எனக்கென்ன குறை" என்றுதான் சொல்வாங்க. முதல் அளவே 3 என்று விழுந்துடும், அப்புறம் எதை வைச்சு முன்னேற்றம் காட்டுவீங்க? காபி எடுக்கப் போகும்போது தனியா, பழகின ஒருத்தர் கேட்கணும்.

கடைசியா, பல இடங்களில் பணம் காலாண்டுக்கு ஒரு முறை, செலவு செஞ்ச பிறகுதான் வரும். மூணு மாதச் செலவு கையில் இல்லாம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீங்க.

விளக்குத்தூண்:

211 பற்றி. என் கருத்தில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பட்டியலில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை.

1997-இல் அட்லாண்டாவில் அங்குள்ள யுனைடெட் வே தொடங்கியது. 2000 ஜூலையில் எஃப்சிசி (கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம்) இந்த மூன்று இலக்கத்தைச் சமூக சேவைத் தகவலுக்கு என்று நாடு முழுவதற்கும் ஒதுக்கியது. எல்லா இடத்திலும் யுனைடெட் வேதான் நடத்துகிறது என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் வேறு அமைப்பு நடத்தும், யுனைடெட் வே பணம் மட்டும் தரும். யாரிடம் பேசுவது என்பது இதைப் பொறுத்தது.

அழைப்பில் நடப்பது இதுதான். முதலில் ஜிப் கோடு. பிறகு என்ன தேவை, வயது, வீட்டில் எத்தனை பேர், தோராய வருமானம், காப்பீடு. முகவர் அதை வைத்துத் தரவுத்தளத்தில் தேடி, பொருந்தும் இரண்டு மூன்று இடங்களைச் சொல்வார். கேட்டால் குறுஞ்செய்தியாக அனுப்புவார். 211 பணம் தராது, தகுதியை முடிவு செய்யாது. "அவங்க சொன்னாங்க, நீங்க மாட்டேங்கறீங்க" என்று அடுத்த இடத்தில் சண்டை வருவது இது புரியாததால்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 911, மன நெருக்கடிக்கு 988.

தமிழுக்கு: தானியங்கிக் குரல் பெரும்பாலும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் மட்டும் சொல்லும். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் வந்ததும் "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்ற இரண்டு சொல் போதும். தொலைபேசி மொழிபெயர்ப்பு நிறுவனத்தை மூன்றாவது ஆளாக இணைப்பார்கள். ஓரிரு நிமிடம் வெறும் அமைதியாக இருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் "கட் ஆயிடுச்சு" என்று வைத்துவிடுகிறார்கள். அதைச் சனிக்கிழமைக் கூடலில் ஒரு தடவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிவிடுங்கள். இன்னொன்று: அழைப்பவர் இருக்கும் வட்டார மையத்துக்குத்தான் அழைப்பு போகும். வேறு மாநிலத்தில் இருக்கும் மகள் 211 அடித்தால் அவள் ஊர் மையம் எடுக்கும். அப்பா இருக்கும் வட்டார மையத்தின் பத்து இலக்க எண்ணை அவள் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலில் சேர்வது: மையத்தின் இணையதளத்தில் அமைப்பைச் சேர்க்கும் படிவமும், யாரைச் சேர்ப்போம், சேர்க்கமாட்டோம் என்ற கொள்கையும் இருக்கும். அமைப்பு, இடம், சேவை என்று மூன்று அடுக்காகப் பதிவு நிற்கும். தேடல் நடப்பது சேவை அடுக்கில். ஒவ்வொரு சேவைக்கும் வகைப்பாட்டு எண் உண்டு. உணவு வழங்கும் இடம் என்றால் பிடி-1800.2000. உங்கள் நான்கு வேலைகளையும் "முதியோர் நலச் சேவைகள்" என்று ஒரே பதிவில் அடைத்தால், "டாக்டரிடம் போக வண்டி" என்று தேடும் முகவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். மருத்துவச் சவாரி ஒரு பதிவு, படிவ உதவி ஒரு பதிவு, முதியோர் கூடல் ஒரு பதிவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

தகவல் நிலைய வேலைக்கான தொழில்முறைத் தரத்தில், ஒவ்வொரு பதிவையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. மின்னஞ்சல் வரும், பதில் இல்லையென்றால் மீண்டும் வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவு மறைந்துவிடும். சங்கத் தலைவரின் சொந்தக் கைபேசியையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு அடுத்த தேர்தலில் ஆள் மாறியதும் காணாமல் போன பதிவுகள் ஏராளம். பதவிக்கென ஒரு மின்னஞ்சல், யார் வந்தாலும் கைமாற்றக்கூடிய ஒரு கூகுள் வாய்ஸ் எண். இரண்டும் வைத்துக்கொண்டு படிவத்தைத் தொடுங்கள்.

இதற்கும் நிதிக்கும் தொடர்பு உண்டு. கேட்ட உதவிக்குக் கொடுக்க இடமே இல்லை என்றால் முகவர் அதை நிறைவேறாத தேவை என்று பதிவார். அந்தக் குறிப்புகளை நிதிக்குழு பார்க்கும். பல மாநிலங்களுக்கு 211 கவுன்ட்ஸ் தளத்தில் ஜிப் கோடு வாரியாக என்ன தேவைக்கு எத்தனை அழைப்பு என்பதே தெரியும். உங்கள் ஜிப் கோடுகளில் போக்குவரத்துக் கோரிக்கை எவ்வளவு என்று எடுத்து விண்ணப்பத்தில் வையுங்கள். ஆனால் தமிழ் பேசும் பெரியவர்கள் 211-ஐ அழைப்பதே அரிது. அவர்கள் தேவை அங்கே பூஜ்யமாகத் தெரியும். அதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஏசிஎஸ் என்ற மாதிரிக் கணக்கெடுப்பின் அட்டவணை பி16001 உதவும். வீட்டில் பேசும் மொழிகளில் தமிழுக்குத் தனி வரிசை இருக்கிறது, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு. அதோடு உங்கள் சொந்தப் பதிவேடு: தேதி, ஜிப் கோடு, கேட்டது என்ன, முடிந்ததா இல்லையா. பெயர்கூட வேண்டாம்.

எதிர்க்கரை:

நாலாவது கேள்வியில் உங்கள் பொருளாளரோடு உடன்படவில்லை.

பெயர் குறிப்பிட்டுக் கொடுப்பதால் ஒரு லாபமும் இல்லை என்று சொல்லமாட்டேன். மாதாமாதம் பிடித்தம் ஆவதால் கொடுப்பவருக்கு வலி தெரியாது. ஆனால் அந்தப் பணம் யுனைடெட் வே வழியாக வரும்போது பல இடங்களில் கையாளும் கட்டணம் கழியும், காலாண்டுக்கு ஒரு முறைதான் வரும், யார் கொடுத்தார் என்ற விவரம் சில சமயம் வரவே வராது. நன்றிக் கடிதம்கூட எழுத முடியாது. அதே ஆள் கம்பெனியின் நன்கொடைத் தளத்தில் நேராகச் சங்கத்துக்குக் கொடுத்தால் கம்பெனி தன் பங்குக்குத் தரும் இணை நன்கொடையும் சேர வாய்ப்புண்டு. பெனிவிட்டி போன்ற தளங்களில் சங்கத்தின் ஈஐஎன் எண்ணும் வங்கி விவரமும் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்க்காத அமைப்புக்குக் காசோலை பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும்.

ரசீது விஷயம்: 250 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட நன்கொடைக்குச் சங்கத்தின் எழுத்து மூல ஒப்புகை இல்லாமல் வரிக்கழிவு இல்லை. சம்பளப் பிடித்தத்தில் ஒவ்வொரு பிடித்தமும் தனி நன்கொடை. சம்பளச் சீட்டும் உறுதிமொழி அட்டையும் ஆதாரமாகும். 2026 வரி ஆண்டிலிருந்து, கழிவுகளைப் பட்டியலிடாதவர்களும் ரொக்க நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதியர் 2,000 வரை கழிக்கலாம். நம் ஆட்களில் பெரும்பாலோர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்கள்தான், எனவே வசூல் கடிதத்தில் இதை ஒரு வரி சேருங்கள். கம்பெனிகளுக்கு அதே ஆண்டிலிருந்து, வரிக்குரிய வருமானத்தில் முதல் 1 சதவீதம் வரையிலான நன்கொடைக்குக் கழிவு கிடையாது. அதனால் சிலர் நன்கொடைக்குப் பதில் விளம்பர ஆதரவாகக் கொடுக்க விரும்பலாம்.

பனையோலைக்கு ஒரு சேர்க்கை: சங்கக் குழுவில் இருப்பவர் யாராவது யுனைடெட் வே நிதிக்குழுவிலும் தொண்டராக இருந்தால், முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டு உங்கள் விண்ணப்பம் வரும்போது வெளியே போகவேண்டும். "நம்ம ஆள் உள்ளே இருக்கார்" என்பதைப் பலமாக நினைக்காதீர்கள்.

வெள்ளிமுடி:

எல்லாரும் யுனைடெட் வேயைச் சுற்றியே பேசுகிறீர்கள். முதியோர் திட்டத்துக்கு இயல்பான வாசல் வேறு. 1965-இன் மூத்த அமெரிக்கர் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதியோர் முகமை உண்டு. அந்தச் சட்டத்தின் டைட்டில் 3-பி என்ற பிரிவின் பணம் போக்குவரத்து, தகவல் உதவி போன்றவற்றுக்கென்றே வருகிறது. 60 வயது ஆனால் போதும், வருமானச் சோதனை இல்லை. விருப்பப் பங்களிப்பு கேட்கலாம், கட்டாயப்படுத்தக்கூடாது. உங்கள் முகமை எது என்று எல்டர்கேர் லொகேட்டர் 1-800-677-1116 சொல்லும். கூட்டாட்சிப் பணத்துக்குக் கணக்கு வேலை கூடுதல்தான். ஆகவே முகமையிடம் நேரடி மானியம் கேட்பதைவிட, அவர்களிடம் ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் பெரிய அமைப்பின் கீழ் துணை ஒப்பந்தக்காரராகச் சேர்வது சின்னச் சங்கத்துக்கு ஏற்றது.

வடகரை, மருத்துவமனையில் "கூட நின்று மொழிபெயர்ப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள் என்பேன். கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவமனையும் மருத்துவரும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நோயாளியே ஆளைக் கூட்டிவர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மருந்தின் அளவை ஒரு தொண்டர் தவறாகச் சொல்லிவிட்டால் பொறுப்பு யாருக்கு? உங்கள் தொண்டர் செய்ய வேண்டியது, நேரம் பதிவு செய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று குறிப்பேற்றச் சொல்வதும், அன்றைக்கு அது நடக்கிறதா என்று பார்ப்பதும். பட்ஜெட்டும் இளைக்கும்.

படிவ உதவிக்கு, மாநிலத்தின் ஷிப் மெடிகேர் ஆலோசனைத் திட்டத்தில் தொண்டர்கள் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், இலவசம். பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்களுக்கு அடிக்கடி தவறாகச் சொல்லப்படுவது: 65 வயதானதும் மெடிகேர் தானாக வராது. இங்கே வேலை செய்த வரலாறு இல்லாதவர் நிரந்தரவாசியாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தபின் கட்டணம் கட்டிச் சேரலாம். ஸ்நாப் (அரசின் உணவு உதவி), மெடிகெய்டுக்கும் பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக் காத்திருப்பு உண்டு. மாநிலங்கள் சில தளர்த்தியிருக்கும். பெற்றோரின் செலவுக்குப் பொறுப்பேற்று அழைத்துவந்த மகன் கையெழுத்திட்ட ஐ-864 உறுதிமொழியால் அவர் வருமானமும் கணக்கில் வரக்கூடும். குடியேற்றத்தில் இதன் விளைவு என்ன என்று யாராவது கேட்டால் உங்கள் தொண்டர்கள் பதில் சொல்லவே கூடாது, அது வழக்கறிஞர் வேலை. முதியோர் மதிய உணவு மையத்துக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

வடகரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஷெட்யூல் ஐ பார்த்தேன்: மூன்று ஆண்டில் இரண்டே புதுப் பெயர், இரண்டும் குழந்தைகள் திட்டம். ஆகவே விருப்பக் கடிதத்தை இந்தச் சுற்றில் விட்டுவிட்டு 211 பதிவிலிருந்து தொடங்கலாம் என்று குழுவில் வைக்கிறேன். சவாரிக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"தமிழ்ச் சமூக முதியோருக்கு அன்புடன் வழங்கப்படும் இலவச வாகன வசதி. மருத்துவத் தேவைகளுக்கு அழைக்கவும். தன்னார்வலர்கள் இருப்பைப் பொறுத்தது."

விளக்குத்தூண்:

"அன்புடன்" தேவையில்லை, முகவர் அழைப்பின் நடுவில் இதைப் படித்து அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். இப்படிப் போடுங்கள்:

"60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முன்பதிவு செய்த மருத்துவ நேரங்களுக்கு வீட்டிலிருந்து இலவச கார் சவாரி, போகவும் வரவும். குறைந்தது நான்கு வேலை நாள் முன்னதாக அழைக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 4. சக்கர நாற்காலியோடு ஏற்றும் வசதி இல்லை. துணையின்றிக் காரில் ஏறி இறங்கக்கூடியவர்களுக்கு மட்டும். அவசரச் சிகிச்சைக்கு அல்ல. தமிழ், ஆங்கிலம். ஆவணம் தேவையில்லை."

நாள்களையும் நேரத்தையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். "தன்னார்வலர்கள் இருப்பைப் பொறுத்தது" என்ற வரியை எடுக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். அதோடு "இல்லையென்றால் இரண்டு வேலை நாளுக்குள் தெரிவிக்கப்படும்" என்று சேருங்கள். அந்த இரண்டு நாளை உங்களால் காப்பாற்ற முடியாது என்றால் மூன்று என்று போடுங்கள். பரிந்துரைத்த பெரியவர் மறுபடி அழைத்து "யாருமே கூப்பிடலை" என்று சொன்னால் மையம் அதைக் குறித்து வைக்கும், இரண்டாவது புகாரில் முகவர்கள் உங்கள் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். ஜிப் கோடுகளைத் தனிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக நிரப்புங்கள். மூன்று கவுண்டி முழுக்க என்று போட்டுவிட்டு 40 மைல் தள்ளி ஒருவர் கேட்கும்போது முடியாது என்று சொல்லவேண்டி வரும்.